லைவ்ல பறந்த ஆன்டிக்ஸ் ஹார்டிஸ்க்ல எப்படி ஓடுது? மூணு மாசம் ஓட்டிப் பாத்துட்டு எழுதுறேன்

அக்கா பையன்கிட்ட ஒரு பழைய லேப்டாப் இருக்கு. 2 ஜிபி ராம், ரெண்டு கோர் ப்ராசஸர், நிமிஷத்துக்கு 5400 தடவ சுத்துற 160 ஜிபி ஹார்டிஸ்க். அதுல இருந்த பழைய சிஸ்டம் ஆன் ஆகி மவுஸ் அசையுறதுக்குள்ள பொறுமை போயிடும், ஆனா ஸ்க்ரீன் கீபோர்டு எல்லாம் நல்லா இருக்கறதால தூக்கிப் போடவும் மனசு வரல. சரின்னு ஒரு பென் டிரைவ்ல ஆன்டிக்ஸ் 23ங்கற இலகுவான லினக்ஸ் சிஸ்டத்த எழுதிக் குடுத்து, ஹார்டிஸ்க்ல போடாம இதுலயே பூட் பண்ணி யூஸ் பண்ணுடான்னு சொல்லிட்டேன், லைவ்னு சொல்றது இதத்தான். முதல் நாள் "மாமா, செம ஸ்பீடு மாமா"ன்னு ஃபோன். மூணாவது நாள் திரும்பவும் ஃபோன், இந்த தடவ குரலே கம்மிப் போயிருந்துச்சு. "மாமா, நேத்து ராத்திரி உக்காந்து டைப் பண்ண நோட்ஸ் எதுவுமே இல்ல மாமா, டெஸ்க்டாப்லதான் சேவ் பண்ணேன்."

லைவ் சிஸ்டம் எப்படி வேலை செய்யுதுன்னு குடுக்கும்போதே நான் சொல்லியிருக்கணும். பென் டிரைவ்ல மொத்த சிஸ்டமும் ஸ்குவாஷ்எஃப்எஸ் முறையில சுருக்கி வச்ச ஒரே ஃபைலா இருக்கும், ஆன்டிக்ஸ்ல அந்த ஃபைலுக்கு லினக்ஸ்எஃப்எஸ்னு பேரு. அதைப் படிக்கத்தான் முடியும், எழுத முடியாது. நாம சேவ் பண்றது, செட்டிங் மாத்துறது, புதுசா சாஃப்ட்வேர் ஏத்துறது எல்லாம் அந்த ஃபைலுக்கு மேல ராம்ல ஒரு அடுக்கா உக்காந்திருக்கும். ஆஃப் பண்ணா அந்த அடுக்கு போயிடும், அடுத்த தடவ ஆன் பண்ணும்போது சிஸ்டம் முதல் நாள் மாதிரியே சுத்தமா வந்து நிக்கும். மாற்றங்கள நிலைக்க வைக்கிற பெர்சிஸ்டன்ஸ ஆன் பண்ணா பென் டிரைவ்லயே சேவ் ஆகும்தான், ஆனா படிக்கிற பையன் தினமும் பென் டிரைவ சொருகிக்கிட்டு இருக்கறதும், பைல போடும்போது அது தொலையுறதும் சரிப்படாது. ஹார்டிஸ்க்லயே இன்ஸ்டால் பண்ணிடலாம்னு முடிவு பண்ணது அன்னிக்குத்தான்.

ஏன் ஆன்டிக்ஸ்னு கேப்பீங்க. பப்பி லினக்ஸ்னு இன்னொரு குட்டி சிஸ்டம் எனக்கு ரொம்ப நாள் பழக்கம், 2003ல பேரி காலர் ஆரம்பிச்சது, இதைவிட சின்ன மெஷின்லயும் ஓடும், அது மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா அது வழக்கமா எல்லா அதிகாரமும் இருக்குற ரூட் யூசராவே ஓடும், ஒரு பையன் கைல குடுக்குற மெஷின்ல எனக்கு அது வேண்டாம்னு பட்டுச்சு. ஆன்டிக்ஸ் டெபியன்ங்கற பெரிய லினக்ஸ் மேல கட்டினது, 23ங்கறது 2023 ஆகஸ்ட்ல வந்த வெர்ஷன், அடியில இருக்கறது டெபியன் 12. அதனால டெபியனோட மொத்த பேக்கேஜ் கடலும் கைல இருக்கு. பூட் ஆகும்போது சர்வீஸ எல்லாம் ஆரம்பிச்சு வைக்கிற சிஸ்டம்டி கிடையாது, அதுக்கு பதிலா சிஸ்வி இனிட் இல்லனா ரன்இட், நாமளே பாத்து எது வேணுமோ அந்த ஐஎஸ்ஓவ, அதாவது டவுன்லோட் பண்ற சிஸ்டம் ஃபைல எடுத்துக்கலாம். 512 எம்பி ராம் இருந்தா போதும், இன்ஸ்டால் பண்ண 7 ஜிபி இடம் போதும்னு அவங்களே போட்டிருக்காங்க, இந்தக் காலத்துல இப்படி ஒரு கணக்கு சொல்ற சிஸ்டம் ரொம்ப கம்மி. டாம் ஸ்மால் லினக்ஸ் ஞாபகம் இருக்கறவங்களுக்கு ஒண்ணு, 50 எம்பிக்குள்ள மொத்தத்தையும் அடக்கினாங்களே அதுதான், 2024ல அது திரும்பி வந்தப்போ அவங்க அடித்தளமா எடுத்துக்கிட்டதே ஆன்டிக்ஸத்தான்.

நான் எடுத்தது 64 பிட் ஃபுல் வெர்ஷன். ஐஸ்டபிள்யூஎம்தான் டீஃபால்ட் டெஸ்க்டாப், கூடவே ஃப்ளக்ஸ்பாக்ஸ், ஜேடபிள்யூஎம், ஹெர்ப்ஸ்ட்லுஃப்ட்டும் இருக்கு, லிப்ரே ஆஃபீஸ் முழுசா வருது. 32 பிட் ப்ராசஸர் வச்சிருக்கறவங்களுக்கும் தனி ஐஎஸ்ஓ இருக்கு, ஆனா ஃபயர்ஃபாக்ஸ் 144ஓட லினக்ஸ்க்கான 32 பிட் வெர்ஷன நிறுத்திட்டாங்க, அதையும் மனசுல வச்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க.

இன்ஸ்டால் பட்டன அமுக்குறதுக்கு முன்னாடி நான் பண்ண ரெண்டு வேலைய எல்லாரும் பண்ணணும்னு கேட்டுக்கறேன். ஒண்ணு, ஐஎஸ்ஓவோட ஷா 256 செக்சம், அதாவது ஃபைல் பழுதில்லாம வந்துச்சான்னு காட்டுற எண், அதைப் பாக்குறது, டவுன்லோட் பாதியில பழுதாகி இருந்தா இன்ஸ்டால் நடுவுல எங்கயோ நின்னு நம்ம உயிர எடுக்கும். ரெண்டாவது, ஹார்டிஸ்க்கோட உடம்பு எப்படி இருக்குன்னு லைவ்ல இருந்தே பாக்குறது. ஸ்மார்ட்சிடிஎல்னு ஒரு கமாண்டு, அது குடுக்குற பட்டியல்ல 5ஆம் நம்பர், அதாவது ஏற்கனவே செத்துப் போய் மாத்தி வைக்கப்பட்ட செக்டர், அப்புறம் 197ஆம் நம்பர், படிக்க முடியாம இழுத்துக்கிட்டு இருக்குற செக்டர், இந்த ரெண்டும் பூஜ்யமா இருக்கணும். 197 பூஜ்யத்துல இல்லாம, பாக்கப் பாக்க ஏறிக்கிட்டே வேற போச்சுன்னா அந்த டிஸ்க்ல எந்த சிஸ்டத்தப் போட்டாலும் வீண், லினக்ஸ் சரியில்லன்னு திட்டிக்கிட்டு இருப்போம், உண்மையில டிஸ்க் சாகக் கெடக்கும். இந்த லேப்டாப்ல ரெண்டுமே பூஜ்யம், நிம்மதி.

லைவ்ல இருக்கும்போதே வைஃபை, சவுண்டு, ப்ரைட்னஸ் பட்டன், மூடினா தூங்கித் திரும்ப எழுந்திரிக்குதா, எல்லாத்தையும் பாத்துடுங்க. லைவ் சிஸ்டத்தோட அருமையே இதுதான், நாம இன்ஸ்டால் பண்ணப் போறதும் இதே சிஸ்டம்தான், இதே கெர்னல்தான், இங்க வைஃபை எடுத்தா அங்கயும் எடுக்கும். வேற மாதிரி இன்ஸ்டாலர்கள்ல எல்லாம் போட்டு முடிச்ச பிறகுதானே என்ன வேலை செய்யல்லன்னு தெரிய வரும்.

இப்ப இன்ஸ்டாலருக்கு வருவோம். ஆன்டிக்ஸும் எம்எக்ஸ் லினக்ஸும் ஒரே இன்ஸ்டாலரத்தான் பகிர்ந்துக்கறாங்க, நான் இதுவரைக்கும் பாத்ததுலயே மனுஷனுக்குப் புரியுற மாதிரி எழுதின இன்ஸ்டாலர் இது. இடது பக்கம் அந்தந்த ஸ்க்ரீனுக்கு என்ன பண்ணணும், ஏன் பண்ணணும்னு விளக்கம் இருக்கும், அவசரப்படாம அதைப் படிச்சாலே பாதி சந்தேகம் தீந்துடும். முழு டிஸ்கையும் எடுத்துக்கோன்னு ஒரு வழி, நானே பிரிச்சுக்கறேன்னு ஒரு வழி. நான் நானே பிரிச்சேன், சிஸ்டத்துக்கு 25 ஜிபி, ராம் பத்தாதப்போ கை குடுக்குற ஸ்வாப்புக்கு 2 ஜிபி, மிச்சம் பூரா நம்ம ஃபைல் எல்லாம் இருக்குற ஹோமுக்கு. ஹோம தனியா வச்சதுக்குக் காரணம், நாளைக்கு சிஸ்டத்த அழிச்சுட்டு வேற போடணும்னா அவன் நோட்ஸ் மேல கை படாது, ஒரு தடவ தொலைச்சவன் அவன்.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப பிடிச்சது, டிஸ்க் பிரிச்சு முடிச்சதும் ஃபைல் காப்பி ஆக ஆரம்பிச்சுடும், அது பின்னாடி ஓடிக்கிட்டு இருக்கும்போதே யூசர் பேரு, பாஸ்வேர்டு, டைம் ஜோன் எல்லாம் நம்மகிட்ட கேட்டுக்கும், சும்மா கோடு நகர்றதப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க வேண்டாம். கடைசில லைவ் டெஸ்க்டாப்ல பண்ண மாற்றங்கள சேத்து வச்சுக்கட்டுமான்னு ஒரு சின்ன பெட்டி இருக்கும், பலபேரு அதைக் கவனிக்காம தாண்டிப் போயிடறாங்க. அதுல டிக் பண்ணா லைவ்ல நாம வச்ச செட்டிங் எல்லாம் புது யூசருக்கு அப்படியே வந்துடும், நான் முன்னாடியே எழுத்த பெருசாக்கி, லோஹித் தமிழ் எழுத்துருவும் தமிழ்99 கீபோர்டும் போட்டு வச்சிருந்தேன், மறுபடி ஒரு தடவ பண்ண வேண்டிய வேலை மிச்சம். லைவ்ல டெமோங்கற யூசருக்கு டெமோதான் பாஸ்வேர்டு, ரூட்டுக்கு ரூட்தான் பாஸ்வேர்டு, உலகத்துக்கே தெரிஞ்ச விஷயம் அது, அதனால இன்ஸ்டால்ல கேக்கும்போது அதையே திரும்ப வச்சுடாதீங்க. மொத்தமா அந்த மெஷின்ல பதினேழு நிமிஷம் ஆச்சு.

ரீபூட் பண்ணேன். பூட் ஆகல. பூட் பண்ற டிஸ்கே இல்லன்னு கறுப்பு ஸ்க்ரீன்ல ஒரே ஒரு வரி.

என்ன ஆச்சுன்னா, பையனோட பழைய ஃபோட்டோ எல்லாம் எடுத்து வச்ச எக்ஸ்டர்னல் ஹார்டிஸ்க் ஒண்ணு இன்ஸ்டால் பண்ணும்போது கூடவே சொருகி இருந்துச்சு. சிஸ்டத்த பூட் பண்ணி விடுற ப்ரோக்ராம் க்ரப்ப எங்க போடணும்னு இன்ஸ்டாலர் கேட்டப்போ பட்டியல்ல முதல்ல இருந்தத தேர்ந்தெடுத்துட்டேன், அது அந்த எக்ஸ்டர்னல் டிஸ்க். சிஸ்டம் உள்ள இருக்குற டிஸ்க்ல, அதை எழுப்பி விடுற க்ரப் வெளிய இருக்குற டிஸ்க்ல, வெளிய இருந்தத கழட்டினதும் எழுப்ப ஆள் இல்ல. ஃபோட்டோ எல்லாம் போயிடுச்சோன்னு நெஞ்சு அடிச்சுக்கிச்சு, ஆனா ஒண்ணும் ஆகல. எம்பிஆர்ங்கற பழைய முறையில டிஸ்கோட முதல் செக்டர்ல 512 பைட் இருக்கும், அதுல முதல் 446 பைட்தான் பூட் கோடுக்கு, பார்ட்டிஷன் பட்டியல் அதுக்கு அடுத்தாப்புல தனியா இருக்கு. க்ரப் அந்த 446 பைட்டுலயும், முதல் பார்ட்டிஷனுக்கு முன்னாடி சும்மா கிடக்குற இடத்துலயும்தான் உக்காரும், பார்ட்டிஷன் பட்டியலயோ ஃபைலயோ தொடாது. திரும்ப லைவ்ல பூட் பண்ணி, எக்ஸ்டர்னல கழட்டி வச்சுட்டு, ஆன்டிக்ஸ்லயே இருக்குற பூட் ரிப்பேர் கருவிய திறந்து உள்ள இருக்குற டிஸ்க காமிச்சேன், ரெண்டு நிமிஷத்துல சரியாயிடுச்சு. நீங்க பண்ணும்போது தேவையில்லாத எல்லா டிஸ்கையும் கழட்டிட்டு ஆரம்பிங்க, டிஸ்க் பேர நம்பாதீங்க, சைஸப் பாத்து தேர்ந்தெடுங்க. யூஇஎஃப்ஐங்கற புது பூட் முறை இருக்குற மெஷினா இருந்தா இந்த முதல் செக்டர் கதை இல்ல, ஃபேட் 32ல இருக்குற இஎஸ்பிங்கற பூட் பார்ட்டிஷன்ல க்ரப் ஒரு ஃபைலா உக்காந்துக்கும், அங்க கையெழுத்து இல்லாத சிஸ்டத்த தடுக்குற செக்யூர் பூட்ட ஆஃப் பண்ணிட்டு ஆரம்பிக்கறதுதான் தலைவலி இல்லாத வழி. பழைய சிஸ்டத்தையும் பக்கத்துலயே வச்சுக்கறவங்களுக்கு ஒண்ணு, க்ரப் 2.06ல இருந்து பக்கத்து சிஸ்டத்த தேடுற ஓஎஸ் ப்ரோபர் வழக்கமா ஆஃப்லதான் இருக்கு, மெனுல பழசு வரலன்னா பதறாம அதை ஆன் பண்ணிட்டு க்ரப்ப அப்டேட் பண்ணுங்க.

சரி, எல்லாம் முடிஞ்சு டெஸ்க்டாப் வந்துச்சு. மூலையில இருக்குற காங்கிங்கற சின்ன மானிட்டர்ல ராம் 200 எம்பி பக்கத்துல காட்டுது, அவ்வளவுதான், 2 ஜிபி மெஷின்ல 1.8 ஜிபி நமக்கே மிச்சம். ஆனா ப்ரவுசர க்ளிக் பண்ணா... காத்திருக்க வேண்டியதா இருந்துச்சு. முதல் தடவ திறக்க இருபத்திரண்டு வினாடி. பென் டிரைவ்ல லைவா ஓடினப்போ பத்து வினாடிதான் ஆச்சு. பையன் பாத்துட்டு கேட்டான், "மாமா, பென் டிரைவ்லயே நல்லா இருந்துச்சே, உள்ள போட்டதும் ஏன் ஸ்லோ ஆயிடுச்சு?" இந்தக் கேள்விய நிறைய பேரு கேட்டுப் பாத்திருக்கேன், இன்ஸ்டால் சரியா ஆகலன்னு நெனச்சு மூணு தடவ திரும்பத் திரும்பப் போட்டவங்களையும் தெரியும், அதனால இதைக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

இன்ஸ்டால்ல ஒரு தப்பும் இல்ல. சுத்துற டிஸ்க்ல ஒரு சின்ன ஃபைல எடுக்கணும்னா அந்த முள்ளு அங்க நகரணும், அப்புறம் தட்டு சுத்தி அந்த இடம் முள்ளுக்குக் கீழ வரணும். 5400 சுத்துன்னா ஒரு முழுச் சுத்துக்கு 11 மில்லி செகண்டு, சராசரியா பாதிச் சுத்து, ஐந்தரை மில்லி செகண்டு, முள்ளு நகர்ற நேரம் அதுக்கு மேல தனி. ப்ரவுசர் திறக்கும்போது நூத்துக்கணக்கான சின்னச் சின்ன துண்டுகள அங்கயும் இங்கயும் இருந்து எடுக்குது, ஒவ்வொண்ணுக்கும் இந்தக் காத்திருப்பு. பென் டிரைவ்ல முள்ளும் இல்ல தட்டும் இல்ல. அதோட லைவ்ல எல்லாம் சுருக்கி வச்சிருக்கறதால படிக்க வேண்டிய அளவே கம்மி, பிரிக்கிற வேலைய ப்ராசஸர் பாத்துக்கும். இதைவிட பெரிய காரணம் ஒண்ணு இருக்கு, லைவ்ல ப்ரவுசர் தன்னோட கேஷ், ஹிஸ்டரி, குக்கீன்னு எழுதுறதெல்லாம் ராம்லதான் எழுதுது, ஹார்டிஸ்க்ல போட்ட பிறகு அதெல்லாம் நிஜமாவே தட்டுல எழுதியாகணும். நோட்ஸ் காணாம போனதுக்கு எது காரணமோ, லைவ் வேகமா இருந்ததுக்கும் அதேதான் காரணம். பையனுக்கு இப்படிச் சொன்னதும் புரிஞ்சுடுச்சு.

இதுக்கு என்ன பண்ணலாம்னா, ஃபயர்ஃபாக்ஸ்ல டிஸ்க் கேஷ ஆஃப் பண்ணிட்டு ராம் கேஷ் மட்டும் விட்டேன், இசட்ராம் போட்டேன், அதாவது ராம்லயே ஒரு பகுதிய சுருக்கி ஸ்வாப்பா யூஸ் பண்றது, இதனால டேப் அஞ்சாறு திறந்தாலும் டிஸ்க் ஸ்வாப்ப போய்த் தட்டறதில்ல. இருபத்திரண்டு வினாடி பதினாறுக்கு வந்துச்சு, ரெண்டாவது தடவ திறந்தா நாலஞ்சு வினாடி, ஏன்னா ராம்ல கேஷ் ஆகி இருக்கும். தினமும் ஆஃப் பண்ணாம மூடி வச்சு தூங்க விட்டா இந்த முதல் தடவ காத்திருப்பே கிடையாது, இப்ப பையன் அப்படித்தான் பண்றான்.

ஃப்ரூகல் இன்ஸ்டாலையும் ஒரு வாரம் ஓட்டிப் பாத்தேன். இது ஆன்டிக்ஸ் பூட் மெனுலயே இருக்கு, லினக்ஸ்எஃப்எஸ் ஃபைல அப்படியே தூக்கி ஹார்டிஸ்க்ல ஒரு ஃபோல்டர்ல வச்சுக்கும், தனி பார்ட்டிஷன் பிரிக்க வேண்டாம், க்ரப்ல சேத்துக்கறதுக்கான வரிகளையும் அந்த ஃபோல்டர்லயே எழுதிக் குடுத்துடும். சுருக்கின ஒரே ஃபைல்ங்கறதால பழைய டிஸ்க்ல ஃபுல் இன்ஸ்டால விட கொஞ்சம் சுறுசுறுப்பாவே இருந்துச்சு. ராம் 4 ஜிபி இருக்கறவங்க டூராம்னு குடுத்தா மொத்த ஃபைலும் ராம்க்கே போயிடும், அப்புறம் டிஸ்க் பக்கமே போகாது, எங்க 2 ஜிபில ஃபுல் வெர்ஷனுக்கு அது ஆகாது. ஆனா ஃப்ரூகல்ல அப்டேட் பண்ணப் பண்ண பழைய ஃபைல் கீழயும் புது ஃபைல் மேலயுமா ரெண்டும் இடத்த அடைக்கும், அப்பப்ப ரீமாஸ்டர் பண்ணி ரெண்டையும் ஒண்ணாக்கணும். எனக்கு அது சுகமான வேலை, அவனுக்கு இல்ல. தானே பராமரிக்கத் தெரிஞ்சவங்களுக்கு ஃப்ரூகல், இன்னொருத்தருக்குப் போட்டுக் குடுத்துட்டு வர்றதா இருந்தா ஃபுல் இன்ஸ்டால், என் முடிவு இது.

குறைன்னு சொல்லணும்னா, மெனு ரொம்ப நெருக்கடி. ஒரே வேலைக்கு மூணு மூணு ப்ரோக்ராம், வைஃபைக்கே கான்மேன் ஒரு பக்கம் செனி ஒரு பக்கம்னு இருக்கு, புதுசா வர்றவங்க எதைத் தொடறதுன்னு முழிப்பாங்க. நான் கான்மேன மட்டும் கீழ பட்டையில வச்சுட்டு மத்தத மறைச்சு வச்சுட்டேன். பாக்க அழகா இருக்கணும்னு நெனக்கிறவங்களுக்கு ஐஸ்டபிள்யூஎம் பழைய காலத்து முகமா தெரியும், எனக்கு அது பிரச்சனையே இல்ல. சிஸ்டம்டி இல்லாததால ஸ்னாப் பேக்கேஜ் ஓடாது, சர்வீஸ ஆரம்பிக்க நிறுத்த வேற கமாண்டு, எங்கயோ படிச்சத அப்படியே அடிச்சா வேலைக்கு ஆகாது. ஆனா மூணு மாசத்துல ஒரு தடவ கூட உறைஞ்சு நிக்கல, வாரா வாரம் அப்டேட் எந்தத் தகராறும் இல்லாம போகுது, லிப்ரே ஆஃபீஸ்ல நோட்ஸ் அடிக்கிறான், பிடிஎஃப் படிக்கிறான், வீடியோ 480ல பிசிறில்லாம ஓடுது, 720க்கு ப்ராசஸர் திணறுது. அந்த ப்ராசஸர்கிட்ட அதுக்கு மேல எதிர்பாக்கக் கூடாது. பழைய மெஷின வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியாம இருக்கறவங்க தாராளமா போடலாம்.

போன வாரம் அந்த ஹார்டிஸ்க்க கழட்டிட்டு 120 ஜிபி எஸ்எஸ்டி ஒண்ணு மாட்டினேன், அதே பென் டிரைவ், அதே இன்ஸ்டாலர், இந்த தடவ ஆறு நிமிஷம். ப்ரவுசர் முதல் தடவயே அஞ்சு வினாடில திறக்குது. எஸ்எஸ்டில போடறவங்க ஒண்ணு மட்டும் கவனிங்க, சாதாரண டெபியன்ல வாரம் ஒரு தடவ ட்ரிம் பண்ற வேலைய, அதாவது எந்த இடம் காலின்னு எஸ்எஸ்டிக்குச் சொல்ற வேலைய, சிஸ்டம்டியோட டைமர்தான் பாத்துக்கும், இங்க சிஸ்டம்டியே இல்ல, அதனால அந்த எஃப்எஸ்ட்ரிம் கமாண்ட நாமதான் வாராந்திர க்ரான்ல, அதாவது நேரத்துக்கு கமாண்ட தானா ஓட்டுற கருவில எழுதி வைக்கணும். நான் எழுதிட்டேன், வர்ற ஞாயித்துக்கிழமை அது தானா ஓடுச்சான்னு லாக்ல பாத்துச் சொல்லுடான்னு பையன்கிட்ட சொல்லியிருக்கேன்.